நன்மை வாங்காத ஞாயிறுகள்

அவர் எங்கே நுழைந்தாலும் முதலில் திரையை இழுப்பார். புத்தூரில் அவர் வேலை பார்த்த சிறிய மருத்துவமனையில் ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் பச்சைத் துணி தொங்கும். அங்கே இழுத்தால் அது தொழில். ஆனால் என் மனைவி படுக்கையில் இருந்த ஏழு மாதமும் எங்கள் வீட்டுக்குக் கட்டு மாற்ற வந்தபோதும் அப்படித்தான் செய்தார். ஜன்னலைச் சாத்துவார், அறைவாசல் திரையை விடுவார், பிறகு என்னைப் பார்த்து, "சார், அஞ்சு நிமிஷம் வெளிய இருங்க" என்பார். தாலி கட்டியவனை. கட்டு மாற்றும்போது அவள் அழுவாள் என்பதே அவள் இறந்து நாற்பது நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அவங்க சொல்ல வேணாம்னாங்க" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவரை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினேன்.

பெயரை எழுதப் போவதில்லை. இதை எழுத ஒருவர் அனுமதி தந்தார். பெயர் வேண்டாம் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், எல்லோரும் அவரை நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

நான் ரயில்வே பணிமனையின் டைம் ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதுவது வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. கோயில் மணிக்கூண்டுக்கு வெள்ளையடித்த நாள், புதுக் குருவானவர் வந்த நாள், எந்த ஞாயிறு பிரசங்கம் எத்தனை நிமிடம் என்று நாளேடு எழுதிக்கொண்டிருந்தேன். இடையிடையே வீட்டு விஷயமும் வரும்.

அந்த நாளேட்டில் நர்ஸம்மாவைப் பற்றிய பழைய குறிப்புகள் எல்லாம் பாராட்டுதான். மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாளே, கருக்கலைப்பு நடக்கும்போது அறுவை அறையில் நிற்க மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அதைச் சொல்லாத பங்குத்தந்தை எங்களுக்கு வாய்த்ததில்லை. கல்யாணம் நிச்சயமான ஜோடிகளுக்கு ஆலயத்தில் நடக்கும் தயாரிப்பு வகுப்பில், உயிரைப் பற்றிய ஒரு மணி நேரம் அவருடையது. பெண்கள் மட்டும் இருக்கும் கடைசிப் பத்து நிமிடத்தில் அங்கேயும் கதவைச் சாத்திவிடுவார். உள்ளே என்ன சொன்னார் என்று எந்தக் கல்யாணப் பெண்ணும் வெளியே சொன்னதில்லை.

இனி நான் சொல்லப் போவது புரிய ஒரு வழக்கத்தை விளக்க வேண்டும். எங்கள் பூசையின் கடைசிப் பகுதியில் எல்லோரும் வரிசையாக எழுந்துபோய், குருவானவர் கையால் அப்பம் வாங்குவோம். நன்மை வாங்குவது என்று அதற்குப் பெயர். கனமான பாவம் மனதில் இருந்தால், குருவானவரிடம் அதை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் வாங்கக் கூடாது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர், மருந்து தவிர எதையும் உட்கொள்ளவும் கூடாது. ஆகவே ஒருவர் எழாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால், பார்க்கிறவர்களுக்கு இரண்டு யூகம்தான். ஒன்று காபி, இல்லையென்றால் பாவம்.

இரண்டு சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்க இரண்டு ஞாயிறு இருந்தபோது, நர்ஸம்மா நன்மை வாங்க எழவில்லை. எங்கள் கோயிலில் ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். என் இடத்திலிருந்து அவர் நன்றாகத் தெரிவார். நடுவழியை ஒட்டிய பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வரிசையில் போன அத்தனை பெண்களும் அவரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர் தலை குனியவில்லை. அடுத்த ஞாயிறும் எழவில்லை. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று சாம்பல் பூச வந்தார், நன்மைக்கு வரவில்லை. நான் ஒரு தனிப் பக்கத்தில் பட்டியல் போட ஆரம்பித்தேன்.

நான் நிறையப் படிக்கிறவன். கருக்கலைப்புக்குத் தெரிந்தே துணைபோகிறவர், யாரும் தீர்ப்புச் சொல்லாமலே திருச்சபையின் உறவுக்கு வெளியே போய்விடுகிறார் என்ற சட்டத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் படித்திருந்தேன். எழுதிக் கொடுத்த நர்ஸம்மா ஏதோ ஒரு நாள் அந்த அறையில் நின்றிருக்கிறார், அல்லது யாரையோ கூட்டிப் போயிருக்கிறார். வேறு எப்படி யோசிப்பது?

அதே சமயம் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயரின், அதாவது பிஷப்பின், சுற்றறிக்கை வழக்கம்போல எந்தக் கட்சியையும் சொல்லாமல், மனச்சான்றின்படி வாக்களியுங்கள் என்று முடிந்தது. எனக்கு அது போதவில்லை. அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் கருக்கலைப்பையும் வாக்கையும் முடிச்சுப்போட்டு எழுதிய கட்டுரைகள் கைபேசியில் வந்து குவிந்தன. அவற்றிலிருந்து எடுத்து நானே ஒரு நோட்டீஸ் தயாரித்தேன்: வேட்பாளரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள். முதல் கேள்வி, கருவில் இருக்கும் உயிரைப் பற்றி உங்கள் நிலை என்ன? எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம், தவக்காலத்தின் மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு என் வீட்டில் நடந்தது. பதினான்கு பேர். அங்கே அதைப் படித்தேன்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர்தான் முதலில் பேசினார். "சார், ஓட்டுக் கேக்க வர்றவரு கிட்ட இதக் கேட்டா, அவரு பக்கத்துல நிக்கிறவனத் திரும்பிப் பாப்பாரு. 'இது எந்த வார்டு பிரச்சனைடா'ன்னு." எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த நாட்டில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன, எந்தக் கட்சியும் வாயைத் திறப்பதில்லை, அதனால்தான் நாம் கேட்க வேண்டும் என்றேன். கருக்கலைப்பை ஆதரிக்கிறார் என்பதற்காகவே ஒருவருக்கு வாக்களித்தால் அந்தப் பாவத்தில் நேரடிப் பங்கு. வேறு கனமான காரணத்துக்காக வாக்களித்தால் அது தொலைவான பங்கு, சில வேளை அனுமதி உண்டு என்று, படித்ததை எல்லாம் விளக்கினேன். நர்ஸம்மா சுவரோரம் கீழே உட்கார்ந்திருந்தார்.

"பக்கம், தொலைவுன்னு எத வெச்சு சார் அளக்கிறது?" என்றார்.

"மனசாட்சிய வெச்சுத்தான்."

"சரி சார். அது உசுருதான், அதுல எனக்கு ரெண்டு பேச்சு கெடையாது. நீங்க படிச்சிருக்கீங்க, நான் பாத்திருக்கேன். ஆனா கல்யாணம் ஆகாத ஒரு பொண்ணு வயித்துப் புள்ளயோட நம்ம கோயிலுக்கு வந்தா, எந்த பெஞ்சுல உக்காருவா? யாரு தள்ளி இடம் விடுவா? அத நாம முடிவு பண்ணிட்டு, அப்புறம் வேட்பாளர்கிட்ட கேப்போமே."

யாரும் சிரிக்கவில்லை. என் நோட்டீஸுக்குப் பதில் சொல்லாமல் என்னைக் கேள்வி கேட்கிறார், அதுவும் இவர். கையில் இருந்த துருப்புச் சீட்டைப் போட்டுவிட்டேன்.

"நீங்க எத்தன ஞாயிறா நன்மை வாங்கல, நர்ஸம்மா? அதச் சொல்லிட்டு எங்களுக்கு மனசாட்சி சொல்லிக் குடுங்க."

அடுப்படி வாசலில் என் மகள் டீத் தட்டோடு நின்றிருந்தாள். கல்லூரிக் கடைசி வருடம். "அப்பா" என்றாள். அதற்கு மேல் ஏதோ சொல்லப் போனாள். நர்ஸம்மா அவள் பக்கம் திரும்பி, "பாப்பா, டீ ஆறுது. அப்பாவுக்கு மொதல்ல குடு" என்றார். பிறகு என்னிடம், "அஞ்சு ஞாயிறு சார். உங்க லிஸ்ட்டுல எத்தன இருக்கு?"

என் பட்டியலிலும் ஐந்துதான் இருந்தது. பட்டியல் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். அன்றைய குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'நேரடியாகப் பதில் இல்லை. பேச்சை மாற்றினார். மகள் தட்டைச் சாய்த்து டீயைச் சிந்தினாள்.'

மறுவாரம் ஸ்ரீரங்கம் போனேன். அந்த மருத்துவமனையை நடத்திய டாக்டர் அம்மாவின் வீடு சித்திரை வீதியில். கோயிலுக்குப் பெருமாளின் நைவேத்தியத்துக்கான தளிகைப் பாத்திரம் போகும் நேரம். வாசலில் நின்று வழிவிட்டுப் பிறகு உள்ளே கூப்பிட்டார். எங்கள் பங்கின் ஆண்டு மலரில் நர்ஸம்மாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னேன். மலர் என்று ஒன்று கிடையாது.

"என் தியேட்டர்ல அந்தக் கேஸுக்கு அவ ஒருநாளும் நின்னதில்லை" என்றார் டாக்டர். "ஆனா முடிஞ்சு வார்டுக்கு வந்ததும், அந்தப் பொண்ணு பக்கத்துல யார் டியூட்டின்னு பார்த்தா அவதான் இருப்பா. கேட்டு வாங்கிப்பா. ரெண்டும் எப்படிடீன்னு கேட்டேன். 'அங்க நிக்க முடியாது டாக்டர், இங்க நிக்காம இருக்க முடியாது'ன்னா. நான் பெருமாளைச் சேவிக்கறவ, அவ மாதாவைக் கும்பிடறவ. அதுக்கு மேல நான் கேக்கலை."

தை மாதக் கடைசியில் அவர் எந்தெந்த நாள் பணியில் இருந்தார், யாரையாவது அவரே கூட்டி வந்தாரா என்று மெல்லக் கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மலருக்குன்னா ஊர் எது, எத்தனை வருஷ சர்வீஸ்னு கேப்பேள். நீங்க எந்த வாரம்னு கேக்கறேள்."

நான் மழுப்பினேன். உங்காத்தில் யார் யார் என்று கேட்டார். மனைவி காலமாகிவிட்டாள், ஒரே மகள், இன்ன கல்லூரியில் படிக்கிறாள் என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, "காபி சாப்பிட்டுட்டுப் போங்கோ" என்று உள்ளே போனார். திரும்பிவந்து கோயில் உற்சவத்தைப் பற்றி மட்டும் பேசினார். எல்லோரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று காவிரிப் பாலத்தில் பஸ் நின்ற பத்து நிமிடமும் நினைத்துக்கொண்டேன்.

குருத்து ஞாயிறு போயிற்று. வருடத்துக்கு ஒருமுறையாவது, ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலத்தில் நன்மை வாங்கியாக வேண்டும் என்பது எங்களுக்குக் கட்டளை. உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டரன்று கோயில் நிரம்பி வெளியே பந்தல் போட்டிருந்தது. நர்ஸம்மா புதுச்சேலை கட்டி, அதே பெஞ்சு ஓரத்தில், எழாமல் உட்கார்ந்திருந்தார். ஒன்பதாவது ஞாயிறு. மறுநாளே பங்குத்தந்தையிடம் பட்டியலைக் கொண்டுபோய் வைத்தேன். உயிரைப் பற்றி வகுப்பு எடுக்கிறவர் இப்படி இருக்கலாமா என்று கேட்டேன்.

"நன்மை வாங்காததுக்கு நூறு காரணம் இருக்கும், சார்" என்றார் அவர்.

"நூறுல ஒண்ண அவங்கள சொல்லச் சொல்லுங்க, ஃபாதர்."

அவர் கூப்பிட்டுக் கேட்டாராம். நர்ஸம்மா சொல்லவில்லை. பேச்சு பரவாமல் இருக்கட்டும் என்று வகுப்பை வேறொரு டீச்சருக்கு மாற்றினார்கள். பதினெட்டு வருடம் எடுத்த வகுப்பு. படம் வரைந்த அட்டைகளைத் துணிப்பையில் போட்டு, கோயில் அலுவலகத்தில் அவரே கொண்டுவந்து ஒப்படைத்தார். வெளிவாசலில் என்னைப் பார்த்து நின்றார்.

"லிஸ்ட்டு ரொம்பச் சரியா இருந்துச்சு சார். ஃபாதர் காட்டுனாரு. ஒரு ஞாயிறு விடல நீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏதோ நான் பாதிப் பாடத்தை ஒழுங்காக ஒப்பித்துவிட்டு நிற்பதுபோல, மீதிக்குக் காத்திருக்கிறவர் மாதிரிப் பார்த்தார்.

பதினோரு ஞாயிறு ஆனபின், ஈஸ்டர் கழிந்து மூன்றாம் வாரம் வரும் நல்லாயன் ஞாயிறன்று எழுந்து வரிசையில் போனார். அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. போய் யாரிடமோ பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டார், அப்படியானால் பாவம் இருந்திருக்கிறது. வாக்குப்பதிவு நாளன்று பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் பெண்கள் வரிசையில் எனக்கு நேராக நின்றார். அட்டை மறைப்புக்குப் பின்னால் அவர் போனதிலிருந்து பீப் ஒலி கேட்கும் வரை என் கைக்கடிகாரத்தில் இருபத்திரண்டு வினாடி. பொத்தானை அமுக்க அவ்வளவு நேரம் எதற்கு? வெளியே வந்ததும், விளையாட்டாகக் கேட்பதுபோல, யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "அதுக்குத்தான சார் அட்டை வெச்சிருக்காங்க" என்று மை வைத்த விரலை ஊதிக்கொண்டு போனார்.

அதன்பிறகு நாங்கள் எதிர்ப்பட்டால் தலையசைத்துக்கொள்வோம். வகுப்பு அவருக்குத் திரும்பி வரவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

சென்ற ஆண்டு, கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலத்துக்கு முந்தைய வியாழனன்று, அவர் இறந்துபோனார். சொந்தம் என்று யாரும் இல்லை. அறிவிப்புப் பலகையில் ஒட்ட அவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தாருங்கள், தேதியெல்லாம் உங்களிடம்தானே இருக்கும் என்று இப்போதைய பங்குத்தந்தை கேட்டார். பழைய நாளேடுகளை இறக்கினேன். அந்தத் தேர்தல் வருடத்தை எடுத்து, முதல்முறையாகப் பட்டியலை மட்டும் படிக்காமல் அந்தந்த நாளின் முழுப் பக்கத்தையும் படித்தேன்.

பட்டியலின் முதல் ஞாயிறு. நர்ஸம்மா எழவில்லை என்ற வரிக்குக் கீழே, வீட்டுக் குறிப்பு: 'மகள் காபி குடித்துவிட்டாளாம். நன்மை வாங்கவில்லை. கண்டித்தேன்.' இரண்டாம் ஞாயிறு: 'மகள் இன்றும் காபி.' நான்காம் ஞாயிறு: 'ஒரு மணி நேரம் வாயைக் கட்ட முடியாதா என்று கேட்டேன். பதில் இல்லை.' உயிர்ப்பு ஞாயிறு: 'மகளுக்கு ஜுரம்போல. எழவில்லை.' நல்லாயன் ஞாயிறு: 'நர்ஸம்மா இன்று போனார். அவருக்கு முன்னால் என் மகள்.'

எல்லாம் என் கையெழுத்துதான். பதினோரு ஞாயிறும் இரண்டு பெயரும் ஒரே பக்கத்தில் இருந்தன. முதல் ஞாயிறுக்கு முந்தைய வாரத்தைத் திருப்பினேன். திங்கள் முதல் புதன்வரை: 'மகள் லால்குடி. தோழி திருமணம்.' அந்தத் தோழி அதற்கு மூன்று வருடம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்து தன் கல்யாண அழைப்பிதழ் வைத்ததும் நாளேட்டில் இருக்கிறது.

அந்தப் பெஞ்சு கண்முன் வந்தது. வழியோரம் நர்ஸம்மா, உள்ளே சுவர்ப்பக்கம் என் மகள். தனியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் கோயிலே அவளைப் பார்த்திருக்கும். நாங்கள் எல்லோரும் நர்ஸம்மாவைப் பார்த்தோம். எந்தப் பாவமும் இல்லாமல், நன்மை வாங்கத் தடையும் இல்லாமல், அவள் எழும் நாள்வரை அவரும் எழாமல் இருந்திருக்கிறார். பங்குத்தந்தை கேட்டபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வகுப்பு போயிருக்காது. அதற்குப் பதில் என் மகளின் பெயர் போயிருக்கும்.

அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பிறந்த ஊர், பணிக்காலம், வகுப்பு எடுத்த ஆண்டுகள். வகுப்பு ஏன் நின்றது என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதினால் திரையை விலக்குகிறவனாக மறுபடி நானே ஆவேன். வைத்துவிட்டேன்.

அடக்கப் பூசைக்கு என் மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். ரயிலை விட்டு நேராக வீட்டுக்கு வந்து குளித்தாள். பால் வாங்க மறந்திருந்தேன். காபி போட வழியில்லை, பூசைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் கிளம்பினோம். நான் அவளிடம் எதையும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

நன்மை நேரம் வந்தது. என் மகள் எழுந்து, சவப்பெட்டியைத் தொட்டுவிட்டு, வரிசையில் போனாள். என் பெஞ்சில் எல்லோரும் எழுந்தார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். பட்டியலைக் கொண்டுபோய் மேசையில் வைத்த கையை எதிரே நீட்ட முடியவில்லை. வரிசையில் போனவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நர்ஸம்மா இதைப் பதினோரு முறை, தலை குனியாமல்.

வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் ஆட்டோக்காரர் கேட்டார். "என்ன சார், நீங்க போகலியா இன்னைக்கு?"

"காபி குடிச்சிட்டேன்" என்றேன்.

குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்த என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். வீட்டில் பால் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் முகம் ஒருமுறை மாறி, பிறகு அடங்கியது. ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். அவள் நகர்ந்து வந்து, அவருக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.